மூன்று விக்கெட் கீப்பர் எடுத்தவர்

ஒரு கப்பல் மளிகைக்காரரின் துறைமுகப் பாஸ் இருபத்திரண்டு நாள் முடங்கிக் கிடந்தது. அதற்கு நான் எழுதிய ஒரு பக்கம் காரணம். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நீள நோட்டில் நாற்பத்தொன்றாம் பக்கம். ஐந்து கட்டம், பதினோரு வரி, சிவப்பு மையில் தலைப்பு. அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்தால் ஒரு வார்த்தை விடாமல் நம்பிவிடுவார். அப்படித்தான் நம்பவும் செய்தார்கள்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. கப்பல்கள் கடலுக்குள் நங்கூரம் போட்டு நிற்க, தோணிகள் போய்ச் சரக்கு ஏற்றி இறக்கிய காலம் முடிந்து, தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்தில் கப்பல்கள் நேராகக் கரையில் வந்து கட்டத் தொடங்கிய முதல் சில வருஷங்கள். நான் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். ஆத்தூர்ப் பக்கம் வயல்காட்டுக் குடும்பம் எங்களுடையது. வீட்டில் மற்றவர்கள் நெல்லோடு நிற்க, கையெழுத்து நன்றாக இருந்த ஒரே காரணத்தால் நான் மட்டும் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தேன்.

அந்த நாட்களில் ஆறு பேர் சேர்ந்து ‘பேப்பர் மேட்ச்’ விளையாடினோம். மாநில அணிகளுக்கு இடையிலான கிரிக்கெட் ஐப்பசியில் தொடங்கிப் பங்குனிவரை நடக்கும். அது தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடி, நாடு முழுவதும் ஆடும் ஆட்டக்காரர்களில் ஆளுக்கு ஏழு பேரை முறைவைத்து எடுத்துக்கொள்வோம். ஒருவர் எடுத்த ஆளை இன்னொருவர் எடுக்க முடியாது. அதன் பிறகு அந்த ஆட்டக்காரர்கள் எங்கெங்கோ மைதானங்களில் ஆடுவதை ஆங்கிலப் பேப்பரில் பார்த்து, எடுத்தவர் பெயரில் நான் புள்ளி போடுவேன். ஓட்டத்துக்கு ஒன்று, விக்கெட்டுக்கு இருபது, கேட்சுக்கும் ஸ்டம்பிங்குக்கும் பதினைந்து. இந்தப் புள்ளி முறையை வகுத்தவனும் நான்தான். காசு கிடையாது. பங்குனிக் கடைசியில் கீழே நிற்பவர் மற்ற ஐவருக்கும் முந்திரி மக்ரூன் வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மாற்று உண்டு. கையில் இருக்கும் ஒருவரை விட்டுவிட்டு, யாரும் எடுக்காத ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். மெட்ராஸிலிருந்து வரும் ஆங்கிலப் பேப்பர் எங்கள் அலுவலகத்துக்குப் பகல் பதினொன்றரைக்கு வந்து சேரும். மாற்றை அதற்கு முன்னால் என்னிடம் சொல்லிவிட வேண்டும். நான் நேரம் குறித்துக்கொள்வேன். பேப்பரைப் பார்த்துவிட்டு ஆளை மாற்றுகிற வேலை நடக்கக் கூடாது என்பதற்காக ஏற்படுத்திய விதி. வானொலியால் தொந்தரவு இல்லை. இந்த மாநில ஆட்டங்களை அது இரண்டு வரியில் முடித்துவிடும்.

ஆறு பேரில் நன்றாகக் கிரிக்கெட் தெரிந்தவர் எங்கள் அலுவலகத்திலேயே அடுத்த மேசைக்காரர். மில்லர்புரத்தில் வீடு. கிளப் ஆட்டங்களில் வேகப்பந்து போட்டவர் என்று அவரே சொல்லுவார். மற்ற மூவரும் எடுப்பதை எடுத்துவிட்டு, தோற்றால் சிரித்துவிட்டுப் போகிறவர்கள். ஆறாவது ஆள் அந்த வருஷம் கொச்சிக்கு மாற்றலாகிப் போய்விட்டார். இடம் காலியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் பூட்டியிருக்கும் என்பதால் நாங்கள் கூடும் இடம் ஒரு கிட்டங்கி. கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, முட்டை, சோப்பு என்று சப்ளை செய்யும் அண்ணாச்சியுடையது. பனங்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்ட குடும்பம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே எங்களுக்குப் பெஞ்சு போட்டுக்கொடுத்துவிட்டு, ஒரு மூலையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். அவர் வாழ்க்கையில் ஒரு கிரிக்கெட் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. அன்று திடீரென்று கேட்டார்.

“ஒரு ஆளு குறையுதுல்லா? நானும் எடுக்கட்டா?”

மில்லர்புரத்துக்காரர் சிரித்தார். “எடுங்க அண்ணாச்சி. மக்ரூன் வாங்க ஒரு ஆளு வேணும்லா.”

சீட்டுக் குலுக்கியதில் அண்ணாச்சிக்கு ஆறாவது முறை வந்தது. முதல் சுற்றில் கடைசியாக எடுப்பவர் இரண்டாம் சுற்றில் முதலில் எடுக்க வேண்டும் என்பதால், அவருக்கு அடுத்தடுத்து இரண்டு ஆள். மில்லர்புரத்துக்காரர் பம்பாயின் தொடக்க ஆட்டக்காரரை எடுத்தார். மூன்றாவதாக நான் கர்நாடகத்தின் ஒரு சுழற்பந்துக்காரரை எடுத்தேன். இன்றும் அது நல்ல தேர்வு என்றே சொல்வேன். அண்ணாச்சி முறை வந்ததும் பட்டியலை எடுத்துப் பார்க்கவே இல்லை.

“தம்பி, ஆட்டத்துல பந்து யாரு கைக்கு அதிகமா வரும்?”

“விக்கெட் கீப்பர் கைக்கு.”

“எல்லாப் பந்துமா?”

“அடிக்காம விட்டது எல்லாம்.”

“அப்ப அவனக் குடுங்க.”

“அணிக்கு ஒரு கீப்பர் இருக்காரு அண்ணாச்சி. எந்த அணி?”

“கடைசிவரைக்கும் எது ஆடும்?”

“பம்பாய்.”

“அங்கன உள்ளவன் ஒண்ணு. அடுத்து எது?”

“கர்நாடகம்னு சொல்லலாம்.”

“அவனும்.”

மில்லர்புரத்துக்காரர் தொடையில் தட்டிக்கொண்டார். “ரெண்டு கீப்பரா? ஒருத்தன் பந்து பிடிப்பான். இன்னொருத்தன் என்ன, வெங்காய மூட்ட பிடிப்பானா?”

அண்ணாச்சிக்குக் கோபம் வரவில்லை. “எங்கப்பா சலாபத்துல சிப்பி ஏலம் எடுத்தவரு. மூடின சிப்பியத்தான் ஏலம் போடுவாக. முத்து எதுக்குள்ள கெடக்குன்னு முங்கி எடுத்தவனுக்கே தெரியாது. தெரியலன்னா எண்ணிக்க கூட உள்ளத எடுலேம்பாரு எங்கப்பா.”

சலாபம் என்பது முத்துக்குளிப்புக் காலத்தில் கடற்கரையில் கூடும் சந்தை. கடைசியாக நடந்து பத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. மூன்றாம் சுற்றிலும் அவர் ஒரு கீப்பரையே கேட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் நான் எழுதிய வரி கோணலாகப் போனது.

என் சொந்தத் தேர்வுகளை இப்போது பார்த்தால் ஏழில் மூன்று தப்பு. இரண்டாம் சுற்றில் எடுத்த ஹைதராபாத் ஆட்டக்காரர் முதல் நான்கு இன்னிங்ஸில் இரண்டு முறை பூஜ்யம். நான்காம் சுற்றில் ஒரு பெரிய பெயரை எடுத்தேன். அவர் பாதி ஆட்டங்களில் ஆடவே இல்லை. ஆறாம் சுற்றில் எடுத்தவர் எங்கள் மாநிலத்துக்காரர் என்பதற்காக எடுத்தது. பாசத்துக்குப் புள்ளி கிடையாது என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

கார்த்திகை முடியும்போது அண்ணாச்சி முதலிடத்தில் இருந்தார். கூட்டலை இரண்டு தடவை சரிபார்த்தேன். மூன்றாம் தடவை கீழிருந்து மேலாகக் கூட்டினேன். சரியாகத்தான் இருந்தது. மூன்று கீப்பர்களும் ஆட்டத்துக்கு நாலைந்து கேட்ச் பிடித்திருந்தார்கள். கேட்சுக்குப் பதினைந்து வீதம் குவிந்துவிட்டது. என் புள்ளி முறையில் ஓட்டை இருக்கிறது என்று அன்றே ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆளிடம் ஏதோ இருக்கிறது என்று நினைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

அப்புறம்தான் அவருடைய மாற்றுகளைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குச் சைக்கிளில் வருவார். இறங்காமலே ஒரு காலை ஊன்றி ஜன்னல் வழியாகச் சொல்லுவார். ஒரு வாரம் டெல்லியின் வேகப்பந்துக்காரரை விட்டார். பதினொன்றரைக்குப் பேப்பர் வந்தது. அந்தப் பந்துக்காரருக்குக் கணுக்கால் சுளுக்கு, இரண்டு வாரம் ஆட மாட்டார். அடுத்த வாரம் யாரும் கேள்விப்படாத ஒரு பையனைச் சேர்த்தார். அன்றையப் பேப்பரில் அந்தப் பையன் மாநில அணிக்குத் தேர்வாகியிருந்தான். மூன்றாம் வாரமும் அப்படியே ஒன்று.

“ஒரு தடவன்னா அதிர்ஷ்டம்,” என்றார் மில்லர்புரத்துக்காரர். “ரெண்டு தடவயும் அதிர்ஷ்டம்னு வச்சுக்கிடுவோம். மூணாந்தடவ எங்கன இருந்தோ வருது வே.”

“எங்கன இருந்து?”

அவர் ஜன்னல் வழியாகக் கப்பல் கட்டியிருந்த திசையைப் பார்த்தார். “அண்ணாச்சி தினம் எங்க ஏறி இறங்குதாரு? கப்பல்ல ரேடியோ ரூம் இருக்கா இல்லியா? அதுல உக்காந்திருக்கவனுக்குப் பம்பாய்ல நடக்கது நமக்கு முந்தித் தெரியுமா தெரியாதா?”

அது என் மனதில் உட்கார்ந்துவிட்டது. ரேடியோ அறை என்றால் சாதாரண விஷயமும் இல்லை. சப்ளைக்காரர் பாஸ் இருந்தால் கப்பலின் சமையற்கட்டு வரைக்கும்தான் போகலாம். அதைத் தாண்டிப் போனது தெரிந்தால் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். கடத்தல் சாமான் கரையேறுகிறதா என்று எல்லா வாசலிலும் கண் வைத்திருந்த காலம் அது. பாஸ் போனால் கப்பல் மளிகைக்காரருக்குக் கடை இருந்தும் பிரயோஜனமில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் தேட ஆரம்பித்தேன்.

ஒருநாள் வேலை இல்லாமலே கப்பலடிக்குப் போனேன். அண்ணாச்சி மேல்தளத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கையில் ஏதோ மடித்த காகிதம். என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தினார்.

“என்ன தம்பி, இங்கன?”

“சரக்குச் சீட்டு ஒண்ணு பாக்க வந்தேன்.”

“வெயில்ல நிக்காதீங்க. மேல வாங்க, காபி தருவான்.”

நான் போகவில்லை. அவர் ஏன் என்னை அவ்வளவு தாராளமாகக் கூப்பிட்டார் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். மறைக்க எதுவும் இல்லாதவரும் கூப்பிடுவார், இருப்பவரும் கூப்பிடுவார். வெள்ளைச் சட்டை கப்பலின் சமையல் மேற்பார்வையாளராக இருக்கலாம் என்பதும், காகிதம் காய்கறிப் பட்டியலாக இருக்கலாம் என்பதும் அன்று எனக்குத் தோன்றாமல் இல்லை. அதைக் குறிக்கவில்லை, அவ்வளவுதான்.

கப்பல் ஏணியடியில் எங்கள் அலுவலகத்துக் காவலாளி ஒரு நோட்டு வைத்திருப்பார். யார் ஏறினார்கள், எத்தனை மணிக்கு, எப்போது இறங்கினார்கள் என்று அதில் பதிவு இருக்கும். அந்த நோட்டு மறுநாள் என் மேசைக்கு வரும். அதை அலுவலகப் பதிவேட்டில் நகல் எடுப்பது என் வேலை. எனவே எனக்குப் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பழைய பதிவேட்டைத் திறந்து, வெள்ளிக்கிழமைகளுக்கு முந்தைய நாட்களை எடுத்து, அவருடைய கடைப் பெயர் இருந்த இடங்களைக் குறித்தேன். கப்பல் கட்டியிருந்த இடம், ஏறிய நேரம், இறங்கிய நேரம், மறுநாள் சொன்ன மாற்று, ஐயம் என்று ஐந்து கட்டம். முதல் வரியில் ஐயத்தின் கீழ் ‘கப்பல் ரேடியோ அறையில் செய்தி பெற்றிருக்கலாம்’ என்று எழுதினேன். அதன் கீழே பத்து வரிக்கும் ‘மேற்படி’. முந்தின நாள் கப்பல் ஏறியதும் மறுநாள் மாற்று பலித்ததும் பதினொன்றில் ஒன்பது நாள் பொருந்தியது. பொருந்தாத இரண்டு நாளுக்கும் கேள்விக்குறி போட்டேனே தவிர, கணக்கிலிருந்து எடுக்கவில்லை.

அதை முடித்தபோது எனக்கு ஏற்பட்ட திருப்தியை மறைக்க முடியாது. மில்லர்புரத்துக்காரரிடம் காட்டினேன்.

“யம்மா! நீரு போலீசுல இருக்க வேண்டிய ஆளுவே,” என்றார். “ரெண்டு நாளு குடும். நிதானமாப் படிச்சுட்டுத் தாரேன்.”

சனிக்கிழமை கொண்டு போனார். திங்கட்கிழமை காலை பத்துக்குத் திருப்பித் தந்தார். அடுத்த வாரம் புதன்கிழமை, அண்ணாச்சியின் பாஸை விசாரணைக்காக நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

அன்று அவர் சைக்கிளில் வரவில்லை. நடந்து உள்ளே வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். இரண்டு கப்பல்களுக்கு ஆர்டர் எடுத்திருக்கிறாராம். காய்கறி கிட்டங்கியில் அழுகுகிறதாம். எதற்கு நிறுத்தினார்கள் என்று யாரும் சொல்லவில்லையாம்.

“வாசல்லயே நிப்பாட்டிட்டான் தம்பி. தினம் எனக்கு வணக்கம் போடுதவன். கேட்டா, ‘மேல கேளுங்க’ங்கான். மேல கேட்டா, ‘புகார் வந்திருக்கு’ங்காக. எவன் செஞ்ச வேலயோ.”

“எதப்பத்திப் புகார்?” என்று கேட்டேன். நாற்பத்தொன்றாம் பக்கம்தான் என்று எனக்கு உடனே பட்டுவிட்டது. என் குரல் சாதாரணமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

“சொல்ல மாட்டேங்காக. நீங்கதான் எனக்கு ஒரு மனு எழுதித் தரணும். உங்க கையெழுத்தப் பாத்தா ஆபீசருங்க ஒரு வரி விடாமப் படிப்பாகன்னு எல்லாரும் சொல்லுதாக.”

எழுதினேன். பதினேழு வருஷமாகச் சப்ளை செய்கிறேன், ஒரு குற்றச்சாட்டும் இதுவரை இல்லை, அனுமதிக்கப்பட்ட இடம் தாண்டிச் சென்றதில்லை என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ‘அனுமதிக்கப்பட்ட இடம் தாண்டி’ என்று அவர் வாயிலிருந்து தானாக வந்தது. புகார் எதைப் பற்றியது என்று தெரியாதவருக்கு இந்த வார்த்தை எப்படி வந்தது? அந்த நேரத்திலும் எனக்கு இப்படித்தான் புத்தி போனது. பாஸ் அட்டையின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கும் வாசகம் அது என்பது மறுநாள்தான் நினைவுக்கு வந்தது.

அவர் எழுந்திருக்கும்போது, எதேச்சையாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

“அண்ணாச்சி, அந்த டெல்லிப் பந்துக்காரனுக்குக் கால் சுளுக்குன்னு உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “பேப்பர்ல போட்டிருந்தான்லா?”

“பேப்பர் பதினொன்றரைக்குத்தானே வருது.”

“அது இங்கிலீசு பேப்பரு. நான் டீக்கடையில தமிழ்ப் பேப்பருல்லா பாக்கேன். கடைசிப் பக்கத்துல, நெல்லு வெலைக்குக் கீழ, நாலு வரி போடுவான். காலைல ஆறு மணிக்கெல்லாம் பாத்துருவேன். ஏன், நீங்கல்லாம் பாக்கது இல்லியா?”

நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அதே டீக்கடையில் தினம் இரண்டு வேளை டீ குடித்தோம். அதே பேப்பர் மேசையில் கிடக்கும். சினிமா விளம்பரம் பார்ப்போம், கொலைச் செய்தி படிப்போம். கிரிக்கெட் புள்ளிவிவரம் என்பது ஆங்கிலத்தில்தான் வரும் என்று ஐந்து படித்தவர்களும் முடிவு செய்து வைத்திருந்தோம். யாரும் யாரிடமும் அதைச் சொல்லிக்கொண்டதுகூட இல்லை. விதியை எழுதும்போது நான் ‘பேப்பர்’ என்று மட்டும்தான் எழுதியிருந்தேன்.

அப்போதும் நான் உடனே நம்பவில்லை. மறுநாள் காலை ஆறேகாலுக்கு டீக்கடையில் உட்கார்ந்தேன். வடை மடித்துக் கொடுப்பதற்காகக் கடைக்காரர் பழைய பேப்பர்களை அடுக்கி வைத்திருப்பார். அதைக் கேட்டு வாங்கிப் புரட்டினேன்.

“என்ன சார், காணாமப் போனவங்க விளம்பரமா?” என்றார் கடைக்காரர்.

ஒன்பது வெள்ளிக்கிழமைகளில் ஐந்துக்கு உரிய பேப்பர் கிடைத்தது. ஐந்திலும் செய்தி இருந்தது. நெல் விலைக்குக் கீழே. மற்ற நான்கும் ஏற்கெனவே வடையோடு போய்விட்டன.

அலுவலகம் போய் மில்லர்புரத்துக்காரரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“நோட்ட யாருகிட்ட குடுத்தீரு?”

“யாருகிட்டயும் குடுக்கல வே.”

“காட்டினீரா?”

“பாஸ் ஆபீசுல எங்க சித்தப்பா மகன் இருக்கான். சும்மா சிரிக்கதுக்குக் காட்டினேன். பேப்பர் மேட்ச்சுக்கு இந்த மனுசன் பண்ணியிருக்க வேலயப் பாருன்னு.”

“சிரிச்சானா?”

“மொதல்ல சிரிச்சான். பெறகு, இதுல ஒரு நகல் எடுத்துக்கிடுதேன்னான்.”

“நீரு வேண்டாம்னு சொல்லலயா?”

“நீரு எழுதாம இருந்திருந்தா நான் என்னத்தக் காட்டியிருப்பேன்?”

அவர் உண்மையிலேயே சிரிப்பதற்குத்தான் காட்டினாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த வாரம் அவர் நான்காம் இடத்தில் இருந்தார் என்பது மட்டும் நோட்டில் இருக்கிறது.

நான் போய்ச் சொன்னால் பாஸ் திரும்பும். ஆனால் அலுவலகப் பதிவேட்டிலிருந்து விளையாட்டுக்காகக் குறிப்பு எடுத்தேன் என்பதும் வெளியே வரும். நான்கு நாள் யோசித்தேன். நான்கு நாளும் அந்தக் காய்கறியின் நாற்றம் எனக்கு வந்துகொண்டிருந்ததாக எழுதினால் பொய். வரவில்லை. மாறாக, ஒருவேளை ரேடியோ அறைக்கும் போயிருப்பாரோ, தமிழ்ப் பேப்பரும் பார்த்திருப்பார், அதுவும் நடந்திருக்கும் என்று மூன்று நாள் நினைத்தேன். ஐந்தாம் நாள் அவருடைய ஒரு கப்பல் வேறு சப்ளைக்காரரிடம் சாமான் வாங்கிக்கொண்டு புறப்பட்டது. அன்று நோட்டை எடுத்துக்கொண்டு பாஸ் ஆபீசுக்குப் போனேன்.

விசாரணை அதிகாரி வயதானவர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, முதலில் என் நோட்டைப் பார்த்தார். பிறகு ஒரு கோப்பிலிருந்து நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பேப்பர் மேட்ச் என்றால் என்ன என்று விளக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அவர் சிரிக்கவே இல்லை.

“முதல் வரி. இவர் ரேடியோ ரூமுக்குப் போனதை நீங்க நேர்ல பாத்தீங்களா?”

“இல்லை.”

“யாராவது பாத்ததா உங்ககிட்டச் சொன்னாங்களா?”

“இல்லை.”

“ரெண்டாவது வரி. பாத்தீங்களா?”

“எல்லா வரிக்கும் அதேதான் சார்.”

“நான் ஒவ்வொண்ணாத்தான் கேக்கணும்.”

பதினோரு வரிக்கும் கேட்டார். பதினோரு தடவை இல்லை என்றேன். அதன் பிறகு ஏணிக் காவலாளியின் அசல் நோட்டுகளை வரவழைத்தார். ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் ஏறியவரின் கையெழுத்து இருந்தது. அலுவலகப் பதிவேட்டில் கையெழுத்துக்குக் கட்டம் கிடையாது, எனவே நான் நகல் எடுக்கும்போது கடைப் பெயரோடு நிறுத்திக்கொள்வேன். எத்தனையோ மாதம் அந்தக் கையெழுத்துகள் என் விரலுக்குக் கீழேதான் இருந்திருக்கின்றன. பதினொன்றில் ஏழு நாள் கப்பலில் ஏறியது அண்ணாச்சி இல்லை. அவருடைய தம்பி. கிரிக்கெட் என்றால் என்னவென்றே தெரியாதவர்.

அதிகாரி கோப்பிலிருந்த நகலையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார். “ஒவ்வொரு வரிக்கு நேராவும் ‘நான் நேரில் பார்க்கவில்லை’ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

ஒரு வரி எழுதினேன். “மீதிக்கு மேற்படின்னு போட்டுரட்டுமா சார்?”

“வேண்டாம். பதினோரு தடவையும் எழுதுங்க.”

இருபத்திரண்டாம் நாள் பாஸ் திரும்பக் கிடைத்தது. ஏணி நோட்டை என் மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். என்னை உப்பு மூட்டைகள் எண்ணும் இடத்துக்கு அனுப்பினார்கள். அது நியாயம்தான். பாஸ் வந்த அன்று மாலை கிட்டங்கிக்குப் போய் அண்ணாச்சியிடம் நானே சொன்னேன். தராசில் வைத்த பூண்டை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தப் பக்கத்த எழுதினதும் நீங்கதான். மனுவ எழுதினதும் நீங்கதான்.”

“ஆமா.”

“மனு எழுதும்போது தெரியுமா?”

“தெரியும்.”

பூண்டை எடுத்துப் பையில் போட்டார். “மனு நல்லாத்தான் எழுதியிருந்தீங்க, சார்.”

அதுவரை நான் அவருக்குத் தம்பி. அன்றிலிருந்து சார்.

ஆட்டத்தை விட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தேன். விடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை காலை உப்புக் கொட்டகைக்கே வந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கினார். கையில் ஒரு சீட்டு. விடும் ஆள், சேர்க்கும் ஆள், எந்தப் பேப்பர், எத்தனையாம் பக்கம், பார்த்த நேரம் ஆறு ஐந்து. கீழே சாட்சியாக டீக்கடைக்காரரின் கையெழுத்து. அடியில் கார்பன் வைத்து எடுத்த இன்னொரு பிரதியும் இருந்தது.

“ரெண்டுலயும் கையெழுத்துப் போடுங்க, சார்.”

போட்டேன். ஒன்றைத் தந்துவிட்டு இன்னொன்றைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பங்குனிவரை ஒரு வாரமும் தவறவில்லை. ஒரு வார்த்தை அதிகமாகப் பேசவும் இல்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை அதே கிட்டங்கியில் கூடினோம். மில்லர்புரத்துக்காரர்தான் கீழே. மக்ரூன் பொட்டலத்தோடு வந்திருந்தார், யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். நான் மொத்தப் புள்ளிகளை வாசித்தேன். அண்ணாச்சிதான் முதல். வாசித்து முடித்ததும் அவர் உள்ளே போய் ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து வந்தார். தை மாதத்திலிருந்து அவரே தனியாகப் புள்ளி போட்டு வைத்திருக்கிறார். என் நோட்டை வாங்கிப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினார்.

ஓர் இடத்தில் விரல் நின்றது.

“பம்பாய்க் கீப்பர். இங்கன நாலு கேட்ச். நீங்க மூணுதான் போட்டிருக்கீங்க.”

எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலப் பேப்பர் வெட்டி ஒட்டிய பக்கம் எதிரிலேயே இருந்தது. நான்குதான்.

“பதினஞ்சு கொறையுது. திருத்திக்கிடுங்க, சார்.”

திருத்தினேன். அவர் இடம் மாறவில்லை. பதினைந்து போனாலும் அவர்தான் முதல். அந்த ஆட்டம் நடந்த வாரத்தை நாட்குறிப்பில் தேடிப் பார்த்தேன். அவருடைய பாஸ் முடங்கியிருந்த வாரம். அந்தப் பக்கத்தில் மற்ற ஐந்து பேருடைய புள்ளிகளிலும் ஒரு தவறு இல்லை. நான் ஒரு கேட்சை எழுதாமல் விட்டது அந்த ஒரு தடவைதான். தெரியாமல் விட்டேன் என்று எழுதி வைக்கலாம் என்று பலமுறை பேனாவை எடுத்திருக்கிறேன். எனக்கு அது நிச்சயமாகத் தெரியாது.